வீட்டின் வெளிப்படத்தைப் போடலாமா, வேண்டாமா? புதிதாக ஹோம்ஸ்டே தொடங்குபவர்களுக்கு

வாடகைத் தளத்தில் வீட்டை வெளியிலிருந்து எடுத்த படத்தையும் போடலாமா என்ற கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடுங்கள். ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுக்க உதவும் படம் வேறு, வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் படம் வேறு. முதல் வகையை ஊருக்கே காட்டலாம், இரண்டாவது வகை பணம் கட்டி புக்கிங் உறுதியானவருக்கு மட்டும்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் பயந்துபோய் ஒரு வெளிப்படம்கூடப் போடாமல் விடுகிறார்கள், இன்னும் சிலர் கதவெண், பெயர்ப்பலகை, வாசலில் நிற்கும் காரின் நம்பர் பிளேட் எல்லாம் தெளிவாகத் தெரிகிற படத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

பாண்டிச்சேரியை வைத்துப் பேசுகிறேன், ஏனென்றால் மாடி போர்ஷனையோ தாத்தா காலத்து வீட்டையோ ஏர்பிஎன்பி என்ற வாடகைத் தளத்தில் போடலாமா என்று யோசிப்பவர்கள் அங்கே தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கொடைக்கானலிலோ காரைக்குடியிலோ இருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

படம் போடத் தயங்குபவர்கள் சொல்லும் காரணங்கள் அநேகமாக இவைதான்: சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறது, சந்து குறுகலாக இருக்கிறது, பக்கத்தில் மதுக்கடை இருக்கிறது, திருடர் பயம், அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்வார்கள். இதில் முதல் மூன்றும் காரணமே இல்லை. விருந்தினர் வந்து இறங்கியதும் பார்க்கத்தான் போகிறார், அப்போது பார்த்துக் கோபப்படுவதைவிட இப்போதே பார்த்துவிட்டு வேறு வீடு தேடிக்கொள்வது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. கடைசி இரண்டும் நியாயமான காரணங்கள், அவற்றுக்குத் தனியாக வழி செய்ய வேண்டும்.

முதலில், எந்தத் தளத்தில் போடப்போகிறீர்கள் என்று பாருங்கள்

ஏர்பிஎன்பியில் புக்கிங் உறுதியான பிறகுதான் விருந்தினருக்கு முழு முகவரி போகும். அதற்கு முன்னால் வரைபடத்தில் ஏறக்குறைய இந்தப் பகுதி என்று மட்டும் காட்டும்படி அமைப்பில் வைத்துக்கொள்ளலாம். இந்த மறைப்பை நீங்களே ஒரு படத்தால் கிழித்துவிடக் கூடாது என்பதுதான் விஷயம். புக்கிங்.காம் அப்படியில்லை, பொதுவாக அங்கே முகவரி பக்கத்திலேயே தெரியும். முகவரியே தெரியும்போது முகப்பை மட்டும் மறைத்து என்ன பயன்? அங்கே வாசல் படத்தைத் தாராளமாகப் போடலாம். கூகுள் மேப்ஸில் ஹோம்ஸ்டே என்று பெயர் கொடுத்துத் தனிப் பக்கம் தொடங்கியிருந்தால் வாசல் படம் இல்லாமல் இருப்பதுதான் தவறு, ஆட்டோக்காரர்கூட அதைப் பார்த்துத்தான் வருவார்.

இரண்டு மூன்று தளங்களில் ஒரே வீட்டைப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு தளத்தில் மறைத்துவிட்டு இன்னொன்றில் அதே படுக்கையறைப் படத்தை முகவரியோடு போட்டால், கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைக் கொடுத்துத் தேடுகிறவர் நிமிடத்தில் வீட்டைப் பிடித்துவிடலாம். அப்படியானால் மறைக்கிறேன் என்று சிரமப்படவே வேண்டாம், பாதுகாப்பை நல்ல பூட்டிலும் விளக்கிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிப்படத்தில் விருந்தினர் எதைத் தேடுகிறார்?

அழகைத் தேடுகிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அழகும்தான். ஆனால் சென்னையிலிருந்து ஈசிஆரில் சுமார் 150 கிலோமீட்டர் காரோட்டி வரும் குடும்பத்துக்கு முதல் கேள்வி, காரை எங்கே விடுவது என்பது. பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதியான ஒயிட் டவுனின் தெருக்களில் வார இறுதியில் கார் நிறுத்த இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு முறை போனவருக்கே தெரியும். கேட்டுக்குள் கார் நுழையுமா, இல்லை ஸ்கூட்டர் மட்டும்தானா, இதை ஒரே படம் சொல்லிவிடும். நம் கார் இல்லாவிட்டாலும் தெரிந்தவர் காரைக் கொண்டுவந்து நிறுத்திப் படம் எடுங்கள் (நம்பர் பிளேட்டை மட்டும் மறைத்துவிடுங்கள்). "கார் பார்க்கிங் உண்டு" என்று பத்து முறை எழுதுவதைவிட இது நம்பும்படி இருக்கும்.

அடுத்தது படிக்கட்டு. முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துவருகிறவர் படுக்கை விரிப்பின் நிறத்தைப் பார்ப்பதில்லை, மாடிக்குப் போகும் படி எத்தனை, செங்குத்தாக இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். பாண்டிச்சேரியில் மாடி போர்ஷனுக்கு வெளியிலிருந்து போகும் இரும்புப் படிகள் நிறைய உண்டு, சில வீடுகளில் சுழல்படி. அதைக் காட்டாமல் விட்டால் வந்து நின்று சண்டை போடுவார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கும். கொடைக்கானலில் இது இன்னும் மோசம், சாலையில் காரை விட்டுவிட்டு மூட்டை முடிச்சோடு சரிவில் இறங்க வேண்டிய வீடுகள் எத்தனையோ. சக்கர நாற்காலி வரும் வாசல் என்று சொல்ல நினைத்தால் ஏர்பிஎன்பி அந்த வசதிக்குப் படம் கேட்கும், படியில்லாத வாசல், 32 அங்குலத்துக்கு மேல் அகலமான வழி என்று தனித்தனியாக. வெறும் டிக் அடித்துவிட்டுப் போக முடியாது.

தனியாக வரும் பெண்கள் பார்ப்பது வேறு. தெருவில் விளக்கு இருக்கிறதா, எதிரே குடித்தனங்கள் இருக்கின்றனவா இல்லை காலி மனையா, தங்கும் அறைக்குத் தனி வாசலா அல்லது வீட்டுக்காரர் வாசல் வழியாகவே போக வேண்டுமா. வெளிப்படமே இல்லாத லிஸ்டிங்கை (தளத்தில் வீட்டுக்கென இருக்கும் பக்கத்தை), அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடந்துபோய்விடுகிறவர்கள் உண்டு. எதை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான். சந்தேகப்படுவதில் தப்பில்லை.

அப்புறம் வீட்டுக்காரர் கீழே குடியிருக்கிறார் என்றால் கட்டடம் முழுவதும் தெரியும் படத்தின் கீழே அதை எழுதிவிடுங்கள். இரண்டு மாடிக் கட்டடத்தின் படத்தைப் போட்டுவிட்டு ஒரு மாடியை மட்டும் வாடகைக்கு விடும்போது, முழு வீடும் நமக்குத்தான் என்று நினைத்து வருபவர்கள் இருக்கிறார்கள். "முதல் மாடி மட்டும், கீழே நாங்கள் இருக்கிறோம்", இவ்வளவு போதும்.

எது படத்தில் விழக்கூடாது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். திருடர் பயம் நியாயமானது என்று மேலே சொன்னதற்குக் காரணம் வெறும் படம் இல்லை, படமும் காலண்டரும் சேர்வதுதான். லிஸ்டிங்கில் எந்தத் தேதிகள் காலியாக இருக்கின்றன என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு பாண்டியில் பூட்டிக்கிடக்கும் வீட்டை வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால், காலியான தேதி என்பது அன்றிரவு வீட்டில் ஆள் இல்லை என்று அறிவிப்பதற்குச் சமம். அதோடு வீடு எது என்றும் தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே வீட்டோடு குடியிருக்கிறவர்கள் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், தொலைவில் இருப்பவர்கள் முகப்பு முழுவதையும் காட்டாமல் திண்ணை, முற்றம், மாடிப்படி, கேட்டின் உள்பக்கம் என்று பகுதி பகுதியாகக் காட்டுவது நல்லது. தனியாக வாழும் பெண்கள் தங்கள் வீட்டில் ஒரு அறையை விடுவதாக இருந்தாலும் இதே யோசனைதான்.

முகப்பைப் போட்டே ஆக வேண்டும் என்றாலும் கதவெண், பெயர்ப்பலகை, தெருப்பெயர்ப் பலகை, வண்டி நம்பர், மீட்டர் பெட்டியில் எழுதியிருக்கும் மின் இணைப்பு எண் ஆகியவற்றை மங்கலாக்கிவிடுங்கள். சாவிப் பெட்டி வைத்திருந்தால் அது எங்கே மாட்டியிருக்கிறது என்று பொதுப் படத்தில் தெரியக் கூடாது. எதிர் வீட்டுக் குழந்தைகள், பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி இதெல்லாம் படத்துக்கு உயிர் கொடுக்கும்தான், ஆனால் அவர்களைக் கேட்காமல் போட உங்களுக்கு உரிமையில்லை, நாளைக்கு ஒரு சிக்கல் என்றால் முதலில் தேவைப்படப்போகிறவர்களும் அதே அக்கம்பக்கத்தார்தான்.

முழுக்க மறைத்துவிட்டோம் என்றும் நம்பிவிட வேண்டாம். மஞ்சள் சுவரும் நீல ஜன்னலும் காகிதப்பூக் கொடியுமாக இருக்கும் ஒயிட் டவுன் வீடுகளை ஊரே நின்று படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறது, அதில் உங்கள் வீடும் இருக்கலாம். கூகுளின் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது முதல் பத்து ஊர்களில் சென்னையும் ஒன்று, அங்கே தெருவில் நடக்காமலேயே வாசல் வாசலாகப் பார்க்கலாம். தேடி அலைபவனுக்கு வேலையைக் கடினமாக்குவது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

மங்கலாக்குவது சரி, அழிப்பது தவறு. முகப்புக்கு முன்னால் போகும் மின்கம்பிகளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஆப் வைத்து அழித்துவிட்டு வானத்தை நீலமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். ஏர்பிஎன்பியில் லிஸ்டிங்கில் சொன்னது ஒன்று, நேரில் இருப்பது ஒன்று என்றால் அதைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் விருந்தினர் புகார் கொடுக்கலாம், பணம் திரும்பப் போகவும் வாய்ப்பிருக்கிறது. பக்கத்து மதுக்கடையும் அப்படித்தான், படத்தில் அதை வெட்டிவிட்டாலும் விளக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். படத்தில் வராத சத்தங்களும் உண்டு. மார்கழியில் விடியற்காலையில் கோவில் ஒலிபெருக்கி ஊரை எழுப்பும்போதுதான் டிசம்பர் கூட்டமும் வந்து தங்கியிருக்கும், எதிரே கோவில் இருந்தால் சொல்லிவிடுங்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போகும்.

கேமரா பற்றி ஒரு சொல். 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி வீட்டுக்குள் கேமராவே கூடாது என்று சொல்லிவிட்டது. வெளியே வைக்கலாம், ஆனால் எங்கே இருக்கிறது என்று லிஸ்டிங்கில் அறிவித்திருக்க வேண்டும். வாசல் படத்தில் கேமரா தெரிந்து அறிவிப்பில் இல்லை என்றால் நீங்களே உங்களைச் சிக்கவைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அபார்ட்மென்ட் என்றால்

முதலில் குடியிருப்போர் சங்கத்தில் கேளுங்கள். தினசரி வாடகைக்கு விடவே அனுமதியில்லாத குடியிருப்புகள் இருக்கின்றன, அங்கே முகப்புப் படம் போடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. அனுமதி இருந்தாலும் கட்டடத்தின் பெயர் தெரியும் முகப்பை விட்டுவிட்டு பால்கனியிலிருந்து தெரியும் காட்சி, லிஃப்ட், கார் நிறுத்தும் இடம் இவற்றைப் போடுங்கள். முகப்பு உங்கள் ஒருவருடையது இல்லை. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் படிக்கட்டுப் படம் கட்டாயம்.

எடுக்கும்போது

நல்ல போன் போதும். படுக்கைவாட்டில் பிடியுங்கள், ஏர்பிஎன்பி கேட்கும் குறைந்த அளவான 1024க்கு 683 பிக்சல் எந்தப் போனிலும் வந்துவிடும். 0.5 என்று இருக்கும் அகலக் கோணத்தைத் தொடாதீர்கள், நாலடிச் சந்துகூட அதில் நாற்பதடிச் சாலையாகிவிடும், சுவரும் வளைந்து தெரியும். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று சாதாரணக் கோணத்தில் எடுங்கள். இடம் போதவில்லை என்றால் மூலையில் நின்று சாய்வாக எடுக்கலாம்.

வாசல் கிழக்கு பார்த்தது என்றால் காலையில் எடுத்துவிடுங்கள், வெயிலும் முகப்பில் விழும், தெருவில் ஸ்கூட்டர்களும் வரிசை கட்டியிருக்காது, வாசலில் கோலமும் புதிதாக இருக்கும். மேற்கு பார்த்த வீட்டுக்கு மாலை நாலரைக்கு மேல். மகாத்மா காந்தி சாலைப் பக்கம் வீடு இருந்தால் ஞாயிறன்று எடுக்க நினைக்காதீர்கள், சண்டே மார்க்கெட் கடைகள்தான் படத்தில் இருக்கும். (ஆனால் ஞாயிறு அன்று அந்த வழியாகக் கார் நுழையாது என்பதை விருந்தினருக்குச் சொல்ல மறக்க வேண்டாம்.) அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, சுவரில் ஈரத்திட்டு இருக்கும், கடற்கரை ஊரில் உப்புக்காற்று வேறு பெயின்டைத் தின்னும். பொங்கலுக்கு வெள்ளையடித்த கையோடு எடுப்பது உத்தமம். அதற்காக அந்தப் படத்தையே நாலு வருஷம் ஓட்டக் கூடாது.

ட்ரோன் வேண்டுமா என்று கேட்பார்கள். மூன்று ஏக்கர் பண்ணை வீட்டுக்குச் சரி, தெருவோர வீட்டுக்கு எதற்கு? பாண்டிச்சேரிக்கு லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது, 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பகுதி பிரித்திருக்கிறார்கள், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிட வேண்டாம்.

எத்தனையாவது படமாக வைப்பது

திண்ணையும் மரத்தூணும் ஓட்டுக்கூரையுமாக இருக்கும் தமிழர் பகுதி வீடு என்றால் முகப்பையே முதல் படமாக வைக்கலாம், ஆட்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். வைசியாள் தெருவில் பழைய வீடுகளைச் சீர்செய்து மீட்ட பிறகு அந்தத் தெருவின் முகப்புகளைப் பார்ப்பதற்கென்றே நடந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றபடி சாதாரண கான்கிரீட் வீடு என்றால் முதல் படம் உள்ளே இருப்பதில் எது நன்றாக இருக்கிறதோ அது. கணினியில் ஏர்பிஎன்பி பக்கத்தைத் திறந்தால் மேலே ஐந்து படங்கள் ஒன்றாகத் தெரியும், அந்த ஐந்தில் ஒன்று வெளிப்படமாக இருக்கட்டும். கார் நிறுத்தம், படிக்கட்டு, தெரு எல்லாம் பின்னால் போகலாம், ஆனால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுங்கள். "தெருவிலிருந்து வாசல், ஆட்டோ வரும், பெரிய வேன் வராது" என்ற மாதிரி.

புக்கிங் உறுதியானவருக்குத் தனி அடுக்கு

இரண்டாவது வகைப் படங்கள் இங்கேதான் வருகின்றன. பெரிய சாலையிலிருந்து திரும்பும் தெருமுனை, அதில் அடையாளமாக ஏதாவது ஒரு கடையோ கோவிலோ. பகலில் கேட். இரவில் அதே கேட், விளக்கு எரியும்போது. சாவி எங்கே, எந்தப் பூட்டு. இவை எல்லாவற்றிலும் கதவெண் பளிச்சென்று தெரியட்டும், அம்புக்குறியும் போடுங்கள். இரவுப் படத்தை யாரும் எடுப்பதில்லை, ஆனால் வேலை முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறவர்கள் பதினோரு மணிக்குத்தான் வந்து சேர்வார்கள், அந்த நேரத்தில் பகல் படத்தில் இருக்கும் நீல ஜன்னல் கறுப்பாகத்தான் தெரியும்.

தளத்திலேயே செக்-இன் குறிப்புகளோடு படம் சேர்க்க இடம் இருக்கும், அங்கேயே போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் சாதாரணப் படமாக அனுப்புங்கள், டாக்குமென்ட்டாக அனுப்பினால் படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் கோப்போடு சேர்ந்தே போகும். வருகிறவருக்கு அது பரவாயில்லை, அவர் அதை வேறு யாருக்காவது தள்ளிவிட்டால்தான் தொல்லை. கடற்கரைச் சாலை, அதாவது கூபேர் அவென்யூ, மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடியிருக்கும். வீடு அதை ஒட்டி இருந்தால் மாலையில் எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்று தனியாக எழுதுங்கள், மேப் ஆப் சொல்லும் வழியை மட்டும் நம்பிச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

படம் திருடப்பட்டால்

முகப்புப் படம் நன்றாக இருந்தால் இந்த ஆபத்தும் கூடவே வரும். உங்கள் படங்களை எடுத்து வேறு பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, பாதி வாடகை என்று சொல்லி யூபிஐயில் முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல்போய்விடுவார்கள், ஏமாந்த குடும்பம் பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து நிற்கும். அவ்வப்போது உங்கள் முக்கியமான இரண்டு மூன்று படங்களை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடிப்பாருங்கள். போனில் எடுத்த மூலக் கோப்புகளை அழிக்காமல் வையுங்கள், அதே இடத்தை இன்னொரு கோணத்தில் எடுத்த, எங்கேயும் வெளியிடாத படம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், படம் யாருடையது என்று தளத்துக்கு நிரூபிக்க அது உதவும். போலிப் பக்கத்தைக் கண்டால் அதன் இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்த பிறகு புகார் கொடுங்கள், முதலில் புகார் கொடுத்தால் பக்கம் மறைந்துபோய்க் கையில் ஆதாரம் இருக்காது. பணம் இழந்தவர் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும், நேரம் போகப்போக அந்தப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினமாகும்.

பக்கத்து மனையில் கடைக்கால் தோண்ட ஆரம்பித்தால் அன்றே வெளிப்படத்தின் கீழே ஒரு வரி சேருங்கள், ஏற்கெனவே புக் செய்திருப்பவர்களுக்கும் காலை எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது என்று கேட்டுத் தகவல் அனுப்புங்கள். கட்டடம் எழும்பி முடிந்ததும் மொட்டைமாடியிலிருந்து கடல் இன்னும் தெரிகிறதா என்று ஏறிப் பாருங்கள், தெரியவில்லை என்றால் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.